மக்காச்சோள மாவு: வாசகர் கேள்விகள்

குறிப்பில் 'கார்ன் மீல்' என்று இருந்தது. 'கார்ன் ஃப்ளோர்' என்று எழுதிய பொட்டலத்தை வாங்கிக் களி கிளறினேன். பசைதான் வந்தது. இரண்டும் மக்காச்சோளம்தானே?

இரண்டும் மக்காச்சோளத்திலிருந்து வந்தவைதான். ஆனால் கார்ன் மீல் என்பது காய்ந்த மணிகளை உடைத்து அரைத்தது. நீங்கள் வாங்கியது, மணியிலிருந்து மற்றதையெல்லாம் நீக்கிவிட்டுப் பிரித்தெடுத்த வெறும் ஸ்டார்ச். கார்ன் மீல் மஞ்சளாகவோ இளவெள்ளையாகவோ இருக்கும், விரலில் தேய்த்தால் நெருடும். ஸ்டார்ச் அப்பட்டமான வெள்ளை, விரலால் அழுத்தினால் நறநறவென்று ஒலி எழுப்பும். பொட்டலத்தைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. பின்புறம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 7 அல்லது 8 கிராம் என்றிருந்தால் அது தானிய மாவு, 1 கிராமுக்கும் கீழே என்றால் ஸ்டார்ச்.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். சில நாடுகளில் கார்ன் ஃப்ளோர் என்றாலே ஸ்டார்ச்தான். வேறு சில நாடுகளில் அதே பெயர் நைஸாக அரைத்த மக்காச்சோள மாவைக் குறிக்கும். தமிழில் 'சோளமாவு' என்று மட்டும் எழுதினாலும் தொல்லைதான், சோளம் என்பது தனித் தானியம். ஆகவே இந்தப் பக்கத்தில் கரகரப்பாக உடைத்ததை 'மக்காச்சோள ரவை' என்றும், நைஸாக அரைத்ததை 'மக்காச்சோள மாவு' என்றும் பிரித்தே எழுதுகிறோம். மீந்த ஸ்டார்ச்சை வீணாக்க வேண்டாம். ஒரு கப் குழம்பையோ சூப்பையோ கெட்டியாக்க ஒரு மேசைக்கரண்டி போதும். குளிர்ந்த நீரில் கரைத்த பிறகே ஊற்றுங்கள்.

ரவையில் களி கிளறினால் ஒவ்வொரு முறையும் கட்டி தட்டுகிறது. கட்டி இல்லாமல் வந்த அன்று, பல்லில் மணல் போல நெறுநெறுத்தது. எங்கே தவறு?

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது, ரவை நீரில் விழும் விதத்தால் வருவது. இரண்டாவது, நேரம் போதாமல் வருவது.

மக்காச்சோள ஸ்டார்ச் ஏறக்குறைய 62 முதல் 72 டிகிரி செல்சியஸுக்குள் நீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகிறது. தளதளவென்று கொதிக்கும் நீரில் ரவையைக் குவியலாகக் கொட்டினால், குவியலின் வெளிப்புறம் நொடியில் வெந்து பசையாகிவிடும். அந்தப் பசை உள்ளே இருக்கும் ரவைக்கு நீரைப் போகவிடாது. அதுதான் கட்டி. பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதன் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, குளிர்ந்த நீரிலேயே தொடங்குவது. நடுத்தர ரவை 1 கப், அதாவது சுமார் 155 கிராம். நீர் மொத்தம் 5 கப். உப்பு 1 தேக்கரண்டி. அடிகனமான, ஆழமான பாத்திரத்தில் ரவையையும் உப்பையும் போட்டு, நீரில் 4 கப்பை ஊற்றிக் கலக்கி, அதன்பின் அடுப்பைப் பற்றவையுங்கள். மிச்சம் 1 கப் நீரைப் பக்கத்து அடுப்பில் சூடாகவே வைத்திருங்கள். நடுத்தரத் தீயில் கொதி வரும்வரை கை ஓயக்கூடாது, ஏனென்றால் இந்தக் கட்டத்தில் ரவை அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும். கெட்டியாகத் தொடங்கியதும் தீயை முடிந்த அளவு குறைத்து மூடிவிடுங்கள். பிறகு 4, 5 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, மரத்துடுப்பால் அடியைச் சுரண்டிக் கிளறினால் போதும். இறுகும்போதெல்லாம் சுடுநீரில் கொஞ்சம் விட்டுத் தளர்த்துங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கொதி வந்து 5 நிமிடத்தில் பாத்திரம் முழுவதும் கெட்டியாகி, வெந்துவிட்டது போலவே தோன்றும். உண்மையில் துகளின் மேற்பரப்பு மட்டும்தான் வெந்திருக்கிறது. நடுப்பகுதிக்கு நீர் போய்ச் சேரவே இல்லை. உங்கள் பல்லில் நெறுநெறுத்தது அந்த நடுப்பகுதிதான். நடுத்தர ரவைக்கு 25 முதல் 30 நிமிடம், பெரிய ரவைக்கு 40 முதல் 45 நிமிடம் சிறு தீ வேண்டும். கடிகாரத்தைவிட நாக்கை நம்புங்கள். சிறிது எடுத்து ஆறவைத்து, முன்பற்களால் கடித்துப் பாருங்கள். நெருடல் இருந்தால் இன்னும் வேகவேண்டும்.

நேரமில்லாதவர்கள் ரவையை அதே நீரில் முந்தைய இரவே ஊறப்போடலாம். அடுப்பு நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டாலும் துகள்களின் சுவர் இளகிச் சீக்கிரம் வேகும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை வந்துவிடும். பாலில் சமைக்க நினைப்பவர்கள் நீரிலேயே வேகவைத்து, கடைசி 10 நிமிடத்தில் பாலைச் சேர்ப்பது நல்லது. தொடக்கத்திலேயே சேர்த்தால் அடிப்பிடிப்பது உறுதி. கட்டி ஏற்கெனவே விழுந்திருந்தால், சூடாக இருக்கும்போதே கண்ணுள்ள கரண்டியால் நசுக்கிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் சல்லடையில் தேய்த்து வடிகட்டிவிட்டு, இன்னும் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கெட்டியான களி கொதிக்கும்போது குமிழி வெடித்துத் தெறிக்கும். தோலில் ஒட்டிக்கொண்டு கொப்புளம் போட்டுவிடும். ஆழமான பாத்திரமும் நீளக் காம்புள்ள துடுப்பும் கேட்பது இதற்காகத்தான். குழந்தைகளை அடுப்பருகே விடாதீர்கள்.

அந்தக் களியை ஆறவைத்துத் துண்டு போட்டு வறுத்தால் சட்டியில் உடைந்து கரைகிறது.

வறுப்பதற்கான களியில் நீர் குறைவாக இருக்கவேண்டும். 1 கப் ரவைக்கு 3½ கப் முதல் 4 கப் வரை, அதற்கு மேல் வேண்டாம். பால், வெண்ணெய், சீஸ் நிறையச் சேர்த்த களியும் இறுகாது. வெந்ததும் எண்ணெய் தடவிய தட்டில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஆறியதும் மூடி, ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம் வையுங்கள். ஆறும்போது ஸ்டார்ச்சின் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகுகின்றன. துண்டு துண்டாக நிற்பது அதனால்தான். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெட்டியிருந்தால் உடைந்ததில் வியப்பில்லை.

வறுக்கும் முன் துண்டின் மேலுள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, 5, 6 நிமிடம் தொடாமல் விடுங்கள். அடியில் மொறுமொறுப்பு ஏறிவிட்டால் துண்டு தானாகவே சட்டியை விட்டு வரும். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் திருப்பும் நேரம் வரவில்லை என்று பொருள்.

அவனில் செய்யும் மக்காச்சோள ரொட்டி சுவையாக இருக்கிறது, ஆனால் கத்தி வைத்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. சரியான அளவு சொல்லுங்கள்.

மக்காச்சோளத்தில் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் கிடையாது. கோதுமை மாவைப் பிசைந்தால் வரும் இழுவை இதில் வராது. ரொட்டியைப் பிடித்து நிறுத்துவது முட்டையும் உடன் சேர்க்கும் மைதாவும்தான். மக்காச்சோளத்தின் விகிதம் ஏற ஏற உதிரும்.

20 சென்டிமீட்டர் வட்டப் பாத்திரத்துக்கு: மக்காச்சோள மாவு அல்லது பொடி ரவை 150 கிராம், மைதா 120 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சமையல் சோடா அரை தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, முட்டை 2, கெட்டியான புளித்த மோர் 300 மி.லி., உருக்கிய வெண்ணெய் அல்லது எண்ணெய் 75 கிராம்.

முதலில் மோரில் மக்காச்சோளத்தை மட்டும் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பல குறிப்புகள் இந்தப் படியை விட்டுவிடுகின்றன. நாங்கள் விடச் சொல்லமாட்டோம். ஊறாத துகள், அவனுக்குள் போன பிறகு சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரொட்டி வறண்டு உதிர்வதற்கும் கடிக்கும்போது நெருடுவதற்கும் அதுவே பெரும்பாலும் காரணம். அரை மணி நேரத்துக்குள் அவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, வார்ப்பிரும்பு வாணலி இருந்தால் அதையும் உள்ளேயே வைத்துவிடுங்கள். பிறகு ஊறியதோடு முட்டை, வெண்ணெய் சேர்த்து அடித்து, சலித்த உலர்பொருள்களைப் போட்டு, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். சூடான வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயைச் சுழற்றிவிட்டுக் கலவையை ஊற்றினால் 'சொய்' என்று சத்தம் கேட்கவேண்டும். ஓரம் மொறுமொறுப்பாக வருவது இந்தச் சூட்டினால்தான். 22 முதல் 25 நிமிடத்தில் நடுவில் குத்திய குச்சி ஈரமில்லாமல் வரும். அதற்கு மேல் விட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஈரத்தைத் தின்னும். வெளியே எடுத்து 15 நிமிடம் ஆறவிட்டு, ரம்பப் பல் கத்தியால் அறுங்கள்.

அளவுக்கு எடைத்தராசு வைத்துக்கொள்வது நல்லது. நைஸான முழுத்தானிய மாவு ஒரு கப் 120 கிராம் சொச்சம் இருக்கும், கரகரப்பான ரவை அதே கப்பில் 155 கிராமைத் தாண்டும். ஒருவர் சொன்ன 'ஒரு கப்' உங்கள் வீட்டில் கால் பங்கு கூடியோ குறைந்தோ போய்விடும். உங்கள் ரொட்டி உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முட்டை சேர்க்காதவர்கள் ஒவ்வொரு முட்டைக்கும் 60 கிராம் கெட்டித் தயிர் சேர்த்து, மக்காச்சோளத்தை 100 கிராமாகக் குறைத்து, மைதாவை 170 கிராமாக ஏற்றுங்கள். முட்டை போட்டதைப் போல உறுதியாக இராது. ஆனால் துண்டு போட வரும்.

தட்டையான ரொட்டி தட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கிறது.

பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் வெடிக்கத்தான் செய்யும். இதற்குப் பசை என்பது வெந்த ஸ்டார்ச் மட்டுமே. சலித்த நைஸ் மாவு 130 கிராமுக்குத் தளதளவென்று கொதிக்கும் நீர் 180 மி.லி., கால் தேக்கரண்டி உப்பு. நீரை மாவில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, 10 நிமிடம் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் 5 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். சிறிது உருட்டி விரலால் அமுக்கினால் ஓரம் வெடிக்கக்கூடாது. வெடித்தால் ஒரு கரண்டி சுடுநீர் சேர்த்துப் பிசையவேண்டும். மாவுக்கு மாவு நீர் பிடிப்பு மாறும் என்பதால் அளவைவிட இந்தச் சோதனை முக்கியம். இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் வைத்து 3, 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, தாளோடு தூக்கிக் கல்லில் போடுங்கள். மற்ற உருண்டைகள் ஈரத்துணிக்கு அடியிலேயே இருக்கட்டும். ரவையில் இந்த ரொட்டி வராது.

டார்ட்டில்லா என்ற மெல்லிய மெக்சிகோ ரொட்டி செய்ய மக்காச்சோள மாவுதானே வேண்டும்? எத்தனை முறை பிசைந்தாலும் மெல்லியதாக வரவில்லை.

அது வேறு மாவு. மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோலை நீக்கிய பிறகு அரைத்தது. 'மாசா ஹரினா' என்ற பெயரில் கிடைக்கும். சுண்ணாம்பு மணியின் தோலைக் கரைக்கிறது, செல்சுவரை இளக்குகிறது. அப்போதுதான் மாவு ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும். வெறும் மக்காச்சோள மாவை எவ்வளவு பிசைந்தாலும் அந்தக் குணம் வராது.

வீட்டில் செய்யலாம். காய்ந்த மணி 1 கிலோ, உணவுக்கு உகந்த நீற்றிய சுண்ணாம்பு 10 கிராம், நீர் 3 லிட்டர். எவர்சில்வர் பாத்திரம் மட்டுமே. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். சிறு தீயில் 30 முதல் 45 நிமிடம் வேகவைத்து, அடுப்பை அணைத்து, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். மூன்று நான்கு நீரில் அலசி, ஈரத்தோடு அரைத்துப் பிசைந்தால் அதுவே மாவு. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைத் தொடவே கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டாலும் ஆபத்து, கவனமாகக் கையாளுங்கள்.

இந்தச் சுண்ணாம்பு வேலை மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளின் பழைய அறிவு. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலுக்கு எட்டாதபடி பிணைந்திருக்கிறது, சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. தானியத்தை எடுத்துச் சென்ற மற்ற நாட்டவர்கள் இந்த முறையை எடுத்துச் செல்லவில்லை. மக்காச்சோளமே பெரும்பகுதி உணவாக இருந்த ஏழைகளிடையே பெலக்ரா என்ற நோய் பரவியது. 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் அதைக் கண்டு குறித்தார். அது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914-லிருந்து செய்த ஆய்வுகள் நிறுவின. குறைந்தது நியாசின்தான் என்பது 1937-இல் கான்ராட் எல்வெஹெம் செய்த ஆய்வில் தெளிவானது. பருப்பு, பால், முட்டை என்று பலவும் உண்பவர்கள் சாதாரண மக்காச்சோள மாவைச் சாப்பிட அஞ்சவேண்டியதில்லை. அதையே மூன்று வேளையும் நம்பியிருப்பவர்களுக்குத்தான் அந்த ஆபத்து.

மாவு வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, கசக்கிறது. பூச்சி ஏதும் இல்லை. பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது எண்ணெய் கெட்ட காறல். மணியின் முளைக்கருவில்தான் எண்ணெய் இருக்கிறது. அரைத்தவுடன் காற்று பட்டுக் கெடத் தொடங்கும். முளைக்கருவோடு அரைத்த முழுத்தானிய மாவு மணமும் சுவையும் மிகுந்தது, ஆனால் அலமாரியில் நிற்காது. காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ வையுங்கள். முளைக்கரு நீக்கிய மாவு, வறண்ட, வெப்பமில்லாத இடத்தில் ஓர் ஆண்டு வரை தாங்கும். பொட்டலத்தில் எது என்று எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் கொழுப்பைப் பாருங்கள்: 100 கிராமுக்கு 3½ கிராமுக்குப் பக்கம் என்றால் முழுத்தானியம், 2 கிராமுக்குக் கீழே என்றால் கரு நீக்கியது. வாங்கியதும் முகர்ந்து பார்த்து அந்த வாசனையை நினைவில் வைத்திருங்கள். பழைய பெயின்ட் போன்ற வாடை வந்தால் கொட்டிவிடவேண்டியதுதான்.

வண்டு வராமல் இருக்க, வாங்கிய மாவை நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டைகளும் செத்துவிடும். பூஞ்சை வாடையோ, பச்சை, கறுப்புப் புள்ளிகளோ தெரிந்தால் சலித்துப் பயனில்லை. மக்காச்சோளத்தில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வீட்டு அடுப்பின் சூட்டில் அது அழியாது. கால்நடைக்கும் போடாதீர்கள்.

வீட்டிலேயே அரைக்கலாமா? ஸ்வீட் கார்ன் நிறைய இருக்கிறது.

ஸ்வீட் கார்ன் ஆகாது. அதில் முக்கால் பங்கு நீர், ஸ்டார்ச் குறைவு. செடியிலேயே முற்றிக் காய்ந்த மணிதான் வேண்டும். பாப்கார்ன் மணியும் சரி, ஆனால் மிகக் கடினம். மிக்ஸியில் அரைப்பதானால் ஒரு தடவைக்கு அரை கப்புக்கு மேல் போடாமல், விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மாவு சூடேறி எண்ணெய் சீக்கிரம் கெடும், மோட்டாரும் தாங்காது. சலித்து, கீழே விழுந்ததை மாவாகவும் மேலே நின்றதை ரவையாகவும் வைத்துக்கொள்ளலாம். விதைப்பதற்கென்று விற்கும் மணியை ஒருபோதும் அரைக்காதீர்கள். அதன்மேல் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள், கழுவினாலும் போகாது.

மீனுக்கும் காய்கறிக்கும் மேல்பூச்சாகப் போட்டால் எண்ணெயில் உதிர்ந்துவிடுகிறது.

ஈரம் அதிகம். துடைத்த துண்டை முதலில் கொஞ்சம் மைதாவிலோ ஸ்டார்ச்சிலோ புரட்டி, பிறகு அடித்த முட்டை அல்லது மோரில் நனைத்து, கடைசியில் நைஸ் ரவையில் அழுத்திப் புரட்டுங்கள். கம்பித் தட்டில் 15 நிமிடம் விட்டால் ரவை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் 175 டிகிரி. பெரிய ரவையை இதற்கு எடுக்காதீர்கள். வேகாமல் கல்லாக நிற்கும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடலாமா?

தானியத்தில் குளூட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த எந்திரத்திலேயே இதையும் அரைத்திருந்தால் கலந்திருக்கும். சீலியாக் நோய் (குளூட்டன் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) உள்ளவர்கள் 'குளூட்டன் இல்லாதது' என்று சான்று உள்ள பொட்டலத்தை மட்டும் வாங்கவேண்டும்.

மீந்த களி மறுநாள் கல்லாகிவிடுகிறது. இளக்க வழி உண்டா?

உண்டு. ஒரு கப் களிக்குக் கால் கப் சுடுநீரோ பாலோ விட்டு, முதலில் அடுப்பில் வைக்காமலே நன்றாக மசித்துவிடுங்கள். பிறகு சிறு தீயில் கிளறினால் பழைய பதத்துக்குத் திரும்பும். மசிக்காமல் சூடாக்கினால் கட்டி கட்டியாகவே நிற்கும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் மூன்று நாள் வரை பயன்படுத்தலாம். இரவெல்லாம் வெளியே இருந்ததை இளக்கிப் பார்க்க வேண்டாம்.